மின்மிதிவண்டி: பழுதைத் தேடும் வழி

கிள்ளான் ஆற்றைக் கடக்கும் கோத்தா பாலத்திற்கு இரண்டு தளங்கள் உண்டு. மேல்தளம் வாகனங்களுக்காகவும், கீழ்த்தளம் நடந்து செல்வோருக்காகவும் மிதிவண்டியோட்டிகளுக்காகவும் கட்டப்பட்டவை. ஒரு பாலத்தைத் திட்டமிட்டவர்கள் மிதிவண்டிக்கென இடம் ஒதுக்கினார்கள் என்றால், அக்காலத்தில் அந்நகர மக்கள் மிதிவண்டியை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு மோட்டார் சைக்கிளும் காரும் பெருகின. மிதிவண்டிகள் வீட்டின் பின்புறத்தில் சாய்த்து வைக்கப்பட்டுத் துருவேறின. அவ்வாறு கிடக்கும் ஒரு மிதிவண்டியை வெளியே எடுத்து, துடைத்து, அதில் மின்சக்தியைப் பொருத்தி மீண்டும் ஓட்டச் செய்யும் முயற்சியில் இப்போது பலர் ஈடுபடுகின்றனர். அதற்கென்றே தேவையான பாகங்கள் யாவும் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன. புதிய மின்மிதிவண்டி வாங்கும் செலவைவிட இது குறைவு என்பதே இதன் கவர்ச்சி.

பெட்டியை வாங்குவது எளிது. பொருத்துவதும் ஒரு பிற்பகல் வேலைதான். பொருத்தி முடித்தபின் வண்டி ஓடாவிட்டால் என்ன செய்வது? இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பெட்டியில் உள்ளவற்றை அறிந்துகொள்வோம். நடுவில் கனத்த உருளை ஒன்று பொருத்தப்பட்ட சக்கரம் இருக்கும். அந்த உருளைதான் மின்மோட்டார். (நம் ஊரில் ‘மோட்டார்’ என்றால் மோட்டார் சைக்கிள் என்றே பலரும் பொருள் கொள்வர். இங்கே அது மின்சாரத்தால் சுழலும் பொறியைக் குறிக்கிறது.) அடுத்தது பேட்டரி. மூன்றாவது, தீப்பெட்டிகள் சிலவற்றை அடுக்கி வைத்தாற்போன்ற ஓர் அலுமினியப் பெட்டி; பட்டறையில் இதைக் ‘கண்ட்ரோலர்’ என்பார்கள். நாம் கட்டுப்பாட்டுப் பெட்டி என்போம். பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தை எப்போது, எவ்வளவு, எந்த வரிசையில் மோட்டாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுவே. இவற்றோடு விசையைக் கூட்டிக் குறைக்கும் முடுக்குப்பிடி, மிதிப்பதை உணரும் கருவி, மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் அமைந்த பிரேக் பிடிகள், சிறு திரை ஆகியவையும் இருக்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. சக்கரத்தின் நடுவிலேயே மின்மோட்டாரை அமைக்கும் மிதிவண்டிக்கு அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அவர் வடிவமைத்த மோட்டார் 10 வோல்ட்டு மின்னழுத்தத்தில் 100 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் 36 அல்லது 48 வோல்ட்டில் இயங்குகின்றன. ஏன் இந்த மாற்றம் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம். பழுதுகளுள் மிகவும் ஆபத்தான ஒன்றைப் புரிந்துகொள்ள அந்தக் காரணம் நமக்குத் தேவைப்படும்.

மிதிவண்டியில் எல்லாவற்றையும் பொருத்தி, பேட்டரியைச் செருகி, பிடியை அழுத்துகிறோம். சக்கரம் அசையவில்லை. வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். “கண்ட்ரோலர் போச்சு அண்ணே, மாத்தணும்” என்ற பதில் வருகிறது. புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கப்படுகிறது. அதன்பின்பும் சக்கரம் அசையவில்லை. பிறகு மோட்டாரின் மீது சந்தேகம் வருகிறது. இவ்வாறு ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் ஒரு புதிய மின்மிதிவண்டியின் விலையே ஆகிவிடும். உண்மையில் பழுது, சரியாக அழுந்தாத ஓர் இணைப்பானில் இருந்திருக்கலாம். புதிதாகப் பொருத்திய வண்டியில் பாகங்கள் கெட்டிருப்பதைவிட, பொருத்தியதில் குறை இருப்பதே மிகுதி. ஆகவே, பணத்தைச் செலவிடுவதற்கு முன் நேரத்தைச் செலவிட வேண்டும்.

தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மின்சாரம் எந்தத் திசையில் செல்கிறதோ அந்தத் திசையிலேயே நாமும் செல்ல வேண்டும். அது பேட்டரியில் புறப்பட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நுழைந்து, பிடியிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் வரும் கட்டளைகளைக் கேட்டு, மோட்டாரை அடைகிறது. எந்த இடம் வரை அது ஒழுங்காக வந்திருக்கிறது என்று கண்டுவிட்டால், பழுது அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்று கம்பிகளை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு வண்டி ஓடினால், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். நாளை அதே பழுது திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். செய்ததையும் கண்டதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. சோதனையின்போது மோட்டார் உள்ள சக்கரம் தரையைத் தொடாதவாறு வண்டியை உயர்த்தி நிறுத்த வேண்டும். திடீரென்று சக்கரம் சுழன்றால் வண்டி பாய்ந்துவிடும். விரலை ஆரக்கம்பிகளின் அருகே கொண்டு செல்லக்கூடாது.

தேவையான கருவி ஒன்றே ஒன்று: வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர். மின்னழுத்தம், மின்தடை ஆகிய இரண்டையும் இதனால் அளக்கலாம்.

திரையே ஒளிராவிட்டால் பேட்டரியிலிருந்து தொடங்குவோம். 36 வோல்ட்டுப் பேட்டரியின் உள்ளே லித்தியம் மின்கலங்கள் பத்து வரிசைகளாகத் தொடரிணைப்பில் அமைந்திருக்கும். ஒரு மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்கும்போது அதன் அழுத்தம் 4.2 வோல்ட்டு. எனவே, பத்தும் சேர்ந்து 42 வோல்ட்டு காட்ட வேண்டும். ‘36 வோல்ட்டு’ என்பது நடுநிலை அளவே. மல்டிமீட்டரில் 38, 40 என வந்தால் பேட்டரி நலமாக உள்ளது. ஒன்றுமே வராவிட்டால், அதன் சாவி திறக்கப்பட்டுள்ளதா, உள்ளிருக்கும் உருகி அறுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கடையிலிருந்து வந்த பேட்டரியை ஒருமுறை மின்னேற்றிய பின்னரே ‘விழித்துக்கொள்ளும்’ வகையும் உண்டு. அதனுள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, பயன்படுத்தப்படாத காலத்தில் வெளிவழியை மூடி வைத்திருக்கும்.

பேட்டரியை முதன்முதலாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கும்போது ‘டிக்’ என்ற ஒலியுடன் சிறு தீப்பொறி தோன்றலாம். இதைக் கண்டு அஞ்சிப் பலர் வேலையை நிறுத்திவிடுகின்றனர். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்தேக்கிகள் உள்ளன. வெறுமையாக இருக்கும் அவை ஒரே நொடியில் மின்னூட்டத்தை இழுத்துக்கொள்வதால் அந்தப் பொறி எழுகிறது. அது பழுதன்று. ஆனால், சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாற்றி இணைத்துவிட்டால் எழும் பொறி வேறு வகை. அதன்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி பிழைப்பது அரிது. இணைக்கும் முன் நிறத்தை மட்டும் நம்பாமல், எது நேர்முனை என்பதை மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திரை ஒளிர்கிறது, பேட்டரி நிறைந்திருப்பதாகவும் காட்டுகிறது. ஆனால் மோட்டார் அசையவில்லை. புதிதாகப் பொருத்தியவர்கள் மிகுதியாகச் சந்திக்கும் நிலை இதுதான். நான் முதலில் சந்தேகிக்கச் சொல்வது பிரேக் பிடியை. பிடியை அழுத்தியவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் நின்றுவிட வேண்டும் என்பதற்காகப் பிடிக்குள் ஒரு சிறு பொத்தான் வைக்கப்பட்டுள்ளது. பிரேக் கம்பியை இறுக்கமாகக் கட்டிவிட்டாலோ, பிடி தன் பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்பாவிட்டாலோ, ‘ஓட்டுநர் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறார்’ என்றே கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணிக்கொள்ளும். அது தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. நாம்தான் அதற்குத் தவறான செய்தி அனுப்புகிறோம். சோதிப்பது எளிது. சக்கரம் தரையில் படாமல் இருக்க, இரண்டு பிரேக் இணைப்பான்களையும் கழற்றிவிட்டு முடுக்குப்பிடியை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். மோட்டார் சுழன்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பிடியைச் சரிசெய்து, இணைப்பான்களை மறுபடியும் பூட்டிய பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பிரேக்கில் குறை இல்லை என்றால் அடுத்தது மோட்டார் கம்பி. மோட்டாரிலிருந்து வரும் தடித்த கம்பியின் முனையில் ஒன்பது ஊசிகள் கொண்ட வட்ட இணைப்பான் இருக்கும். அதன் இரு பாதிகளிலும் அம்புக்குறிகள் உள்ளன. அவை நேருக்கு நேர் வரும்படி வைத்து, குறிக்கோடு மறையும்வரை அழுத்த வேண்டும். நீர் புகாமலிருக்க இதனுள் ரப்பர் வளையம் இருப்பதால், பாதிவழியிலேயே இறுகி, முழுவதும் நுழைந்துவிட்டதைப்போல் ஏமாற்றும். திருகி அழுத்தினால் உள்ளே உள்ள மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். நேராக அழுத்துவதே முறை.

முடுக்குப்பிடியையும் அளந்து பார்க்கலாம். அதற்கு மூன்று கம்பிகள். ஒன்று 5 வோல்ட்டு கொண்டுவருகிறது, மற்றொன்று எதிர்முனை, மூன்றாவது, நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்ற செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. தொடாமல் இருக்கும்போது அந்தச் செய்திக் கம்பியில் ஏறத்தாழ 0.8 வோல்ட்டும், முழுமையாக அழுத்தும்போது ஏறத்தாழ 4 வோல்ட்டும் வர வேண்டும். எண் மாறாமல் நின்றால் பிடி பழுது. 5 வோல்ட்டே வராவிட்டால் குறை கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் உள்ளது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

இனி, மோட்டார் சுழல்கிறது, ஆனால் உறுமுகிறது, திக்குகிறது, முன்னும் பின்னும் அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஏன் என்று விளங்க மோட்டாரின் உட்புறத்தைச் சற்று அறிய வேண்டும். சக்கரத்தின் நடுவில் அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்கள் மூன்று தொகுதிகளாக உள்ளன. அவற்றைச் சுற்றி நிரந்தரக் காந்தங்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு கணமும் எந்தச் சுருளுக்கு மின்னோட்டம் அனுப்பினால் காந்தம் அடுத்த இடத்துக்கு இழுக்கப்படும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிய வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுபவர், அது தம்மிடம் வந்து திரும்பும் கணத்தில் தள்ளினால்தான் அது உயரும். வரும்போதே தள்ளினால் மோதல்தான். கண்ணில்லாத கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, காந்தம் இருக்கும் இடத்தைச் சொல்பவை ஹால் உணரிகள் எனப்படும் மூன்று நுண்கருவிகள்.

‘ஹால்’ என்பது ஒருவரின் பெயர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், 1879ஆம் ஆண்டில் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்கே தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியதைக் கண்டார். அப்போது மின்விளக்கே பரவலாக இல்லை. மின்மிதிவண்டியைப் பற்றி அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அந்தச் சிறிய மின்னழுத்தமே இன்று நம் வண்டியில் மூன்று இடங்களில் வேலை செய்கிறது. மோட்டாரில் காந்தத்தின் இருப்பிடத்தை உணர்வதும், பெரும்பாலான முடுக்குப்பிடிகளில் விரல் அழுத்தத்தை உணர்வதும், மிதிப்பதை உணர்வதும் அதே விளைவுதான்.

மூன்று உணரிகளுள் ஒன்றின் கம்பி அறுந்தாலும், ஊசி வளைந்தாலும், செய்தி குழம்பிப்போகிறது, சக்கரம் திக்குகிறது. இதைச் சோதிக்கப் பேட்டரியை இயக்கி, எதிர்முனைக்கும் உணரிக் கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்துகொண்டே சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுழற்ற வேண்டும். எண் 0, 5, 0, 5 என மாறி மாறி வந்தால் அந்த உணரி உயிரோடு இருக்கிறது. ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அங்கே குறை. சில மோட்டார்களின் உள்ளே பற்சக்கரங்கள் இருக்கும். அவை முன்னோக்கிச் சுழற்றும்போது உள்ளே அசையா. எனவே சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும்.

மூன்று உணரிகளும் நலம், இருந்தும் திக்குகிறது என்றால், கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரே நிறுவனத்தினுடையவை என்றால் மஞ்சளை மஞ்சளோடும், பச்சையைப் பச்சையோடும், நீலத்தை நீலத்தோடும் இணைத்தால் போதும். வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றால் நிறங்கள் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. மூன்று தடித்த கம்பிகளை ஆறு வகையாக இணைக்கலாம். மூன்று உணரிக் கம்பிகளையும் ஆறு வகையாக இணைக்கலாம். ஆக, 36 இணைப்பு முறைகள்! அவற்றுள் சில மட்டுமே சரியாகச் சுழலும். தொடக்கநிலையில் இருப்போர் ஒரே பெட்டியில் வந்த பாகங்களையே பயன்படுத்துவது இந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

சக்கரம் கையால் சுழற்றவும் கடினமாக, தேன் பாட்டிலில் கரண்டியைச் சுழற்றுவதுபோல் இருந்தால் எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது. பேட்டரியை அகற்றிவிட்டு, மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உடனே சக்கரம் எளிதாகச் சுழன்றால் குறை கட்டுப்பாட்டுப் பெட்டியில். அப்போதும் இறுகியே இருந்தால் குறை மோட்டாரிலோ அதன் கம்பியிலோ. எந்தக் கருவியும் இல்லாமல், கையின் உணர்வை மட்டும் வைத்துச் செய்யும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டாரைச் சுழற்றினால் அது மின்னாக்கியாகிறது. அந்த மின்சாரத்துக்கு மூடிய வழி கிடைத்தால் அது சுழற்சியை எதிர்க்கிறது என்ற இயற்பியல் பாடம் அங்கே நம் உள்ளங்கையில் நடக்கிறது.

மிதித்தால் மோட்டார் உதவவில்லை, பிடியை அழுத்தினால் மட்டும் ஓடுகிறது என்பது இன்னொரு முறையீடு. மிதியச்சில் பொருத்தப்படும் காந்த வட்டு தலைகீழாக இருந்தாலோ, உணரியிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ இப்படி நேரும். திரையில் வேகம் தவறாகக் காட்டினால் சக்கரத்தின் விட்டம் அமைப்பில் தவறாகப் பதிவாகியுள்ளது. திரையில் தோன்றும் பழுதுக் குறியெண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பெட்டியில் வந்த கையேட்டைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது.

சமநிலத்தில் நன்றாக ஓடும் வண்டி, ஏற்றத்தில் திடீரென்று அணைந்துவிடுவது உண்டு. கிள்ளான் நகரில் ஏற்றம் என்றால் பெரும்பாலும் மேம்பாலம்தான். பின்னால் லாரி வரும் நேரத்தில் மேம்பாலத்தின் நடுவே வண்டி நிற்பது விளையாட்டன்று. இதைக் கணக்கிட்டே புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்தடை உண்டு. அது 0.2 ஓம் என்று கொள்வோம். ஏற்றத்தில் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால், பேட்டரிக்குள்ளேயே 15 × 0.2 = 3 வோல்ட்டு இழப்பாகிறது. ஓய்வில் 33.5 வோல்ட்டு காட்டிய பேட்டரி, அந்தக் கணத்தில் 30.5 வோல்ட்டுக்கு இறங்கும். பேட்டரியைக் காப்பதற்காக 31 வோல்ட்டை ஒட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும்படி பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஏற்றம் முடிந்து சற்று நேரம் நின்றால் அழுத்தம் மீண்டும் உயர்கிறது. வண்டி ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது. இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது முதுமையடைந்து அதன் உள்தடை கூடியிருக்கிறது.

போல்டனின் 100 ஆம்பியருக்கு இப்போது வருவோம். கம்பியிலோ இணைப்பானிலோ வெப்பமாக வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிக் கிடைப்பது. சரியாக அழுந்தாத ஓர் இணைப்பானின் தடை 0.1 ஓம் என்று கொள்வோம். 15 ஆம்பியர் ஓடினால் 15 × 15 × 0.1 = 22.5 வாட். சாலிடரிங் இரும்பு ஒன்றின் வெப்பத்துக்கு இது இணை! விரல் நுனி அளவேயுள்ள பிளாஸ்டிக் இணைப்பான் இளகிவிடும். அதே இணைப்பானில் 100 ஆம்பியர் ஓடினால் 1000 வாட் ஆகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைத்தால் அதே வேலையைக் குறைந்த வெப்பத்தில் செய்யலாம் என்பதால்தான் இன்று 36, 48 வோல்ட்டுப் பேட்டரிகள் வந்துள்ளன. முதல் பயணம் பத்து நிமிடம் ஆனதும் வண்டியை நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, ஒவ்வோர் இணைப்பானின் மேலும் புறங்கையை அருகே கொண்டு சென்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே ஓட்டக்கூடாது.

பேட்டரியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றப் பழுதுகள் வண்டியை நிறுத்தும்; இது வீட்டையே எரிக்கும். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் மின்மிதிவண்டி, மின்ஸ்கூட்டர் போன்றவற்றின் லித்தியம் பேட்டரிகளால் ஏற்பட்ட தீயில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அடுக்குமாடி வீடுகளில் வசித்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் முதல், உரிய பாதுகாப்புச் சான்று பெறாத மின்மிதிவண்டிகளையும் பேட்டரிகளையும் அந்நகரில் விற்கக்கூடாது என்று சட்டம் நடப்புக்கு வந்தது. லண்டன் தீயணைப்புப் படையும், பழைய மிதிவண்டியை மின்மிதிவண்டியாக மாற்றும் பெட்டிகளைக் குறித்துத் தனியே எச்சரித்துள்ளது. காரணம் தெளிவு. தொழிற்சாலையில் முழுமையாகத் தயாரான வண்டியில் பேட்டரியும் மின்னேற்றியும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சோதிக்கப்பட்டிருக்கும். மாற்றுப் பெட்டியில் மோட்டார் ஓரிடத்தில், பேட்டரி வேறிடத்தில், மின்னேற்றி இன்னோரிடத்தில் வாங்கப்படுகிறது.

36 வோல்ட்டுப் பேட்டரிக்கு 42 வோல்ட்டு மின்னேற்றி தேவை. 48 வோல்ட்டுப் பேட்டரிக்கு 54.6 வோல்ட்டு மின்னேற்றி தேவை. செருகும் முனை ஒரே வடிவில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றில் நுழைத்துவிட முடியும். அவ்வாறு செய்தால் ஒவ்வொரு மின்கலத்தின்மீதும் அளவுக்கு மீறிய அழுத்தம் ஏறுகிறது. பாதுகாப்புச் சுற்று நல்லதாக இருந்தால் தடுக்கும். மலிவானதாக இருந்தால் தடுக்கும் என்ற உறுதி இல்லை. மின்கலம் ஒன்று அளவுக்கு மீறிச் சூடானால், அதன் உட்பொருள்கள் வினைபுரிந்து தாமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் பக்கத்து மின்கலத்தைப் பற்றும். பிறகு அதை நிறுத்துவது கடினம், புகையும் நச்சு. ஆகவேதான் வாசற்கதவின் அருகில், வெளியேறும் வழியை மறித்தபடி, இரவு முழுவதும் மின்னேற்றி வைப்பது தவறு. விழித்திருக்கும் நேரத்தில், எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் மின்னேற்ற வேண்டும். மின்னேற்றியில் சிரிம் அங்கீகார முத்திரை உள்ளதா என்று பார்ப்பதும், அது நம் நாட்டின் 230 வோல்ட்டு மின்சாரத்துக்கு ஏற்றதா என்று படிப்பதும் கடையிலேயே செய்ய வேண்டியவை.

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பும் காரமும் கலந்தாற்போன்ற விநோத மணம் வந்தாலோ, தொடாமல் கிடக்கும்போதே சூடாக இருந்தாலோ அதன் வாழ்வு முடிந்தது. பழுதுபார்க்க முயலக்கூடாது. புகை வந்தால் எல்லாரும் வெளியேறி 999க்கு அழைப்பதே வேலை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதன்று.

நீரும் நம் பகுதியில் ஒரு பெருங்காரணம். பிற்பகல் மழை நமக்குப் புதிதன்று. கம்பி இணைப்பான்கள் மேல்நோக்கி வாய் திறந்திருந்தால் மழைநீர் அவற்றுள் தேங்கும். மோட்டாரை நோக்கிச் செல்லும் கம்பி, அச்சுக்குள் நுழைவதற்கு முன் சற்றுத் தாழ்ந்து வளைந்து மேலேற வேண்டும். அப்போது நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. மழை விட்டபின் வண்டி திக்கி, மறுநாள் உலர்ந்ததும் ஒழுங்காக ஓடினால் பழுது நீரினால்தான் என்று ஏறத்தாழ உறுதி செய்துகொள்ளலாம்.

வெள்ளம் வேறு கதை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பும் கிள்ளானின் பல பகுதிகளும் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரைத் திறந்து, உலர்த்தி, தாங்குருளைகளை மாற்றிக் காப்பாற்றலாம். மூழ்கிய பேட்டரியைக் காப்பாற்ற நினைக்கக்கூடாது. சேறும் உப்பும் உள்ளே தங்கி உலோகத்தை அரித்து, பல வாரங்களுக்குப் பின்கூடக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். வெளியே துடைத்துப் பளபளப்பாக இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மின்சாரத்தோடு தொடர்பில்லாத ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். ஏனெனில், அது ஓட்டுபவரைத் தூக்கி எறியக்கூடியது. சாதாரண மிதிவண்டியில் சக்கரத்தின் அச்சு வெறுமனே சுமையைத் தாங்குகிறது. மின்மோட்டார் பொருத்திய சக்கரத்தில், மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது அச்சைப் பின்னோக்கித் திருப்ப முயல்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். அச்சின் அகலம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய இடத்தில் அந்த முறுக்கைத் தடுக்க, சட்டகத்தின் பிளவு ஏறத்தாழ 4000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதாவது 400 கிலோகிராம் எடை தரும் விசை. நட்டு தளர்ந்தால், அச்சு பிளவை விரித்துக்கொண்டு சுழன்று, கம்பிகளை முறுக்கி அறுத்து, சக்கரமே கழன்றுவிடலாம். முறுக்குத் தாங்கி எனப்படும் எஃகுத் தகடு ஒன்றை அச்சோடும் சட்டகத்தோடும் பொருத்துவது இதற்காகவே. பல பெட்டிகளில் அது இருப்பதில்லை. தனியே வாங்க வேண்டும். முன்சக்கரத்தில், அதுவும் அலுமினிய முன்கவையில் மோட்டாரைப் பொருத்துவது எனக்கு உடன்பாடானதன்று. அலுமினியம் வளைந்து எச்சரிக்காமல் முறிந்துவிடும்.

பிரேக்கைப் பற்றியும் அவ்வாறே சொல்லலாம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து வண்டியின் எடையைப் பல கிலோகிராம் கூட்டிவிடுகின்றன, வேகமும் கூடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வண்டியின் காய்ந்துபோன பிரேக் ரப்பர், இந்தப் புதிய எடைக்காகச் செய்யப்பட்டதன்று. ரப்பரையும் கம்பியையும் மாற்றிவிட்டுத்தான் மோட்டாரை இயக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு இருக்கலாம் என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று, சட்டக் கேள்வியும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்கு மிகாமலும், மிதிக்கும்போது மட்டும் உதவி, மணிக்கு 25 கிலோமீட்டரில் அந்த உதவி நின்றுவிடும்படியும் இருந்தால்தான் அதை மிதிவண்டியாகக் கருதுகின்றனர். நம் நாட்டில் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகள், மின்ஸ்கூட்டர் போன்ற சிறு மின்வாகனங்களைப் பொதுச்சாலையில் ஓட்டத் தடை விதித்தன. எனவே, 1000 வாட் மோட்டாரை மிதிவண்டியில் பொருத்திவிட்டு, ‘இது சைக்கிள்தானே’ என்று சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரியிடம் வாதிடுவது பயன் தராது. வாங்குவதற்கு முன்பே அத்துறையிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். வாங்கிய பின் கேட்பது தாமதம்.

எல்லாம் சரியாகி வண்டி ஓடத் தொடங்கியபின், முதல் ஐம்பது கிலோமீட்டரில் மேலும் சில மாற்றங்கள் நிகழும். புதிய ஆரக்கம்பிகள் இளகும். சக்கரம் லேசாகக் கோணும். அச்சின் நட்டுகள் தளரும். பேட்டரியைத் தாங்கும் திருகுகள் சாலைக் குழிகளின் அதிர்ச்சியில் அசையும். முதல் வாரத்தில் நாள்தோறும், பிறகு மாதம் ஒருமுறை, ஸ்பேனரை எடுத்து இவற்றை இறுக்கிப் பார்க்க வேண்டும். அச்சையும் நட்டையும் சேர்த்து வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு வரைந்துவிட்டால், நட்டு சற்று அசைந்தாலும் கோடு முறிந்து தெரியும். வண்டியில் ஏறும் முன் குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே போதும்.